பிலோமினாவும் ஐந்து பிரியாக்களும்

1997ஆம் வருஷம் அம்பத்தூர் அரசுப் பள்ளி ஒன்றில் எனக்கு ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு. வருகைப் பதிவேட்டைத் திறந்தால் அந்த ஒரே வகுப்பில் ஐந்து பிரியாக்கள். இனிஷியலைச் சேர்த்துக் கூப்பிட்டாலும் இரண்டு பேர் ‘எஸ். பிரியா’. கடைசியில் ஊரைச் சேர்த்துக்கொண்டேன்: பாடி பிரியா, கொரட்டூர் பிரியா, மண்ணூர்பேட்டை பிரியா, எஸ்டேட் பிரியா, ஓ.டி. பிரியா. எஸ்டேட் என்றால் தொழிற்பேட்டை. ஓ.டி. என்றால் பழைய அம்பத்தூர். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

இடுகுறிப்பெயர், காரணப்பெயர் நடத்திக்கொண்டிருந்த நாள். மரம் என்பதற்கு மரம் என்று ஏன் பெயர் வந்தது என்றால் பதில் கிடையாது, அது இடுகுறி. பறப்பதால் பறவை, அது காரணம். பிறகு வகுப்பிலிருந்த பெயர்களையே எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினேன். பாடி பிரியா எழுந்தாள். “எங்க பேருக்கெல்லாம் அர்த்தம் சொல்றீங்க. உங்க பேருக்கு என்ன மிஸ் அர்த்தம்?”

“என் பேர் இடுகுறி. உட்காரு” என்றேன்.

முப்பது வருஷத்துக்கும் மேல் தமிழ் நடத்தியவள் சொன்ன பொய்களில் அது ஒன்று. உண்மையில் எனக்கு அர்த்தம் தெரியாது. பிலோமினா. அவ்வளவுதான்.

நான் பிறந்தது 1960 ஆகஸ்ட் 11, லால்குடிப் பக்கம் ஒரு சிற்றூரில். எங்கள் ஊரில் சர்ச் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கோவில்தான், பூசைதான், சாமியார்தான். பிள்ளை பிறந்த நாளில் எந்தப் புனிதருக்குத் திருநாளோ அந்தப் பெயரையே வைத்துவிடுவது எங்கள் குடும்பத்து வழக்கம். உபதேசியார் நாட்காட்டியைப் பார்த்து, “அர்ச்சியசிஷ்ட பிலோமினம்மாள்” என்று சொன்னாராம். அர்ச்சியசிஷ்ட என்பது புனிதர் என்பதற்குப் பழைய கத்தோலிக்கத் தமிழ். பழைய ஜெபப் புத்தகங்களில் ‘அர்ச்.’ என்று சுருக்கிப் போட்டிருப்பார்கள். அப்பாயிக்கு அந்தப் பெயர் வாயில் வெல்லம் மாதிரி ஒட்டிக்கொண்டது. கடைசி வரை என்னைப் ‘பிலோமினாளு’ என்றே கூப்பிட்டார். அம்மாவுக்குப் பிலோமி. தெருப் பிள்ளைகளுக்கு மினா.

அப்பா டர்னர். 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கியதும் திருச்சிப் பக்கத்திலிருந்து வேலை தேடிப் புறப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அந்த நீளமான பெயரை ஆவடியில் யாரும் சொல்வதில்லை, டேங்க் ஃபேக்டரிதான். 1965இல் முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தபோது நாங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டோம். அங்கே மலையாளி, தெலுங்கர், பஞ்சாபி என்று எல்லா மாநிலத்துப் பெயர்களும் ஒரே குழாயடியில் வரிசையில் நிற்கும். அத்தனை பெயர்களுக்கு நடுவிலும், “இது என்ன பேரும்மா?” என்ற கேள்வி என்னிடம்தான் வரும்.

பன்னிரண்டு வயதில் உறுதிபூசுதலுக்கு ஞானோபதேச வகுப்பு. அங்கே பாடம் நடத்தியவர் எல்லோருடைய பாதுகாவலரையும் கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை வந்தபோது கொஞ்சம் தயங்கி, “அவங்களை எடுத்துட்டாங்களே. நீ வேற பேர் ஒண்ணு பார்த்துக்கோ” என்றார். யார் எடுத்தார்கள், எங்கே எடுத்தார்கள், எதுவும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா ஷிஃப்ட் முடித்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். எண்ணெய்க் கறை போகத் தேய்த்துக்கொண்டே, “ரோமாபுரியிலிருந்து ஆள் வந்தா பேரைத் திருப்பிக் கேக்கப் போறான்? அப்பாயி வெச்ச பேரு. போட்டுட்டுப் போ” என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். 1961 பிப்ரவரி 14 அன்று வத்திக்கானில் வழிபாட்டு முறைகளைக் கவனிக்கும் பேராயம் ஓர் ஆணை போட்டது: பிலோமினாவின் திருநாளை எல்லா நாட்காட்டிகளிலிருந்தும் நீக்கிவிட வேண்டும். வரலாற்று ஆதாரம் போதவில்லை என்பது காரணம். எனக்கு அப்போது ஆறு மாதம். ஆவடிக்குத் தொழிற்சாலை வந்த அதே வருஷம் என் புனிதைக்கு வேலை போய்விட்டது.

அந்தப் புனிதையின் கதை ஓடுகளில் தொடங்குகிறது. வீட்டுக் கூரை ஓடு மாதிரி சுட்ட மண் பலகைகள், மூன்று. 1802 மே மாதம் ரோமில், சலாரியா சாலைக்கு அடியில் பிரிஸ்கில்லா நிலத்தடிக் கல்லறைகளைத் தோண்டியவர்கள் ஒரு குழியின் வாயை இந்த மூன்று ஓடுகளும் அடைத்திருந்ததைக் கண்டார்கள். ஓடுகளில் சிவப்பு வண்ணத்தில் எழுத்து. இடமிருந்து வலமாக வாசித்தால் முதல் ஓட்டில் ‘லுமேனா’, இரண்டாவதில் ‘பாக்ஸ் தே’, மூன்றாவதில் ‘கும் ஃபி’. அர்த்தமே இல்லை. முதல் ஓட்டைத் தூக்கிக் கடைசியில் வைத்துப் பாருங்கள்: ‘பாக்ஸ் தேகும் ஃபிலுமேனா’. ஃபிலுமேனா, உனக்குச் சமாதானம் உண்டாகட்டும். எழுத்துகளுக்கு இடையில் ஒரு நங்கூரம், சில அம்புகள், ஒரு குருத்தோலை வரையப்பட்டிருந்தன. உள்ளே பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்ணுடையது என்று சொல்லப்பட்ட எலும்புகளும் ஒரு கண்ணாடிக் குப்பியும் இருந்தன. குப்பியில் ஒட்டியிருந்தது இரத்தம், ஆகவே இவள் வேதசாட்சி என்று முடிவுகட்டினார்கள்.

ஏடு மாறிப்போன சுவடியை வரிசைப்படுத்துகிற வேலைதான் இது. உ.வே.சா.விடம் கொடுத்திருந்தால் ஒரு மத்தியானத்தில் முடித்திருப்பார். ஆனால் முடித்த கையோடு இரண்டாவது கேள்வியையும் கேட்டிருப்பார்: ஓடு ஏன் வரிசை மாறியது?

அந்தக் கேள்வியை ரோமில் கேட்க நூறு வருஷம் ஆயிற்று. அதற்குள் பிலோமினா உலகப் புகழ் பெற்றுவிட்டாள். 1805இல் நேப்பிள்ஸ் பக்கத்திலுள்ள முஞ்ஞானோ என்ற சிறு ஊரின் சாமியார் பிரான்செஸ்கோ தெ லூசியா எலும்புகளைக் கேட்டு வாங்கித் தன் கோவிலுக்குக் கொண்டுபோனார். ஆகஸ்ட் 10ஆம் தேதி போய்ச் சேர்ந்தது. மறுநாள், 11, பிறகு அவளுக்குத் திருநாள் ஆனது. என் பிறந்தநாளும் அதுதான். புதுமைகள் நடப்பதாகப் பேச்சுப் பரவியது. 1833இல் நேப்பிள்ஸில் ஒரு கன்னியாஸ்திரி, பிலோமினா தன்னிடம் நேரில் பேசியதாகச் சொல்லி முழு வாழ்க்கை வரலாற்றையும் தந்தார். கிரேக்க நாட்டுச் சிற்றரசன் மகள். பதின்மூன்று வயதில் ரோமுக்கு வந்தபோது தியோக்கிளேசியன் பேரரசன் அவளைக் கல்யாணம் செய்யக் கேட்டான். தான் கிறிஸ்துவுக்கு நேர்ந்துகொண்டவள் என்று மறுத்தாள். சவுக்கால் அடித்தான், நங்கூரத்தைக் கட்டி தைபர் ஆற்றில் தள்ளினான், அம்பு எய்யச் சொன்னான். ஒன்றும் பலிக்காமல் கடைசியில் தலையை வெட்டினான்.

அப்பாயி இந்தக் கதையைச் சொல்லும்போது தைபர் ஆறு கொள்ளிடம் மாதிரி அகலமாக இருக்கும். நங்கூரத்தின் கயிற்றைச் சம்மனசுகள் வந்து அறுத்ததும் கரையில் நின்ற சனம் ‘ஓ’ என்று கத்தும். கேட்டு மயிர்க்கூச்செறிந்திருக்கிறேன். பின்னால் படிக்கும்போதுதான் உறைத்தது, ஓட்டில் வரைந்திருந்த படங்களெல்லாம் ஒன்று விடாமல் கதைக்குள் வந்துவிட்டன. நங்கூரம் ஆதிக் கிறிஸ்தவர்கள் நம்பிக்கைக்கு இட்ட அடையாளம், எத்தனையோ கல்லறைகளில் காணக் கிடைக்கிற படம். கதை அதைக் கழுத்தில் கட்டிவிட்டது. ஓர் ஊரின் பெயரை வைத்துத் தலபுராணம் பாடுகிறவர்கள் இதைத்தான் செய்தார்கள். எனக்கு இதில் கோபம் வரவில்லை. என் பாடத்திட்டத்தில் பாதி அப்படி வந்ததுதான்.

1904இல் ஒராசியோ மருக்கி என்ற தொல்லியல் அறிஞர் வரிசை மாறியதற்குக் காரணம் சொன்னார். அந்த ஓடுகள் முதலில் ஃபிலுமேனா என்று ஒருத்தியின் பழைய கல்லறையை மூடியிருந்தவை. பிற்காலத்தில் இன்னொருவரைப் புதைத்தவர்கள் அதே ஓடுகளை எடுத்து மறுபடி பயன்படுத்தினார்கள். எழுத்தை நம்பி யாரும் ஏமாறக் கூடாது என்றே வேண்டுமென்று மாற்றி அடுக்கினார்கள். அப்படியானால் பெயர் ஒருத்தியுடையது, எலும்பு வேறொருத்தியுடையது. எல்லோரும் இதை ஒத்துக்கொள்ளவில்லை, இன்றுவரை எதிர்வாதம் உண்டு. ஆனால் 1961 ஆணைக்குப் பின்னால் இந்தச் சந்தேகம் இருந்தது.

சரி, நேப்பிள்ஸ் பக்கத்து எலும்பு லால்குடி வாய்க்கால் கரைக்கு எப்படி வந்தது? இங்கேதான் எனக்குப் பிடித்த பெண் ஒருத்தி வருகிறாள். பவுலின் ஜாரிகோ, பிரான்சில் லியோன் நகரத்துப் பட்டு வியாபாரியின் மகள். அந்த ஊரில் பட்டு நெசவுத் தொழிலாளிப் பெண்களைப் பத்துப் பத்துப் பேராகக் குழு சேர்த்து, வாரத்துக்கு ஒரு சல்லிக்காசு வாங்கினாள். தூரதேசத்தில் வேதம் போதிக்கிறவர்களுக்குக் கொடுக்க. நம் ஊர்ப் பிடியரிசிதான். தினமும் உலையில் போடும் முன்பு ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டுவைப்போமே, அதே கணக்கு. அந்தப் பிடியரிசியிலிருந்து 1822இல் விசுவாசப் பரப்புதல் சங்கம் உருவானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கத்தோலிக்க வேதபோதகர்களுக்குப் பெரும் பணம் அனுப்பியது அந்தச் சங்கம்தான்.

1835இல் பவுலினுக்கு இதய நோய் முற்றிவிட்டது. ரோமுக்குப் போனாள். போப் 16ஆம் கிரகோரி, இவள் பிழைக்க மாட்டாள் என்றே நினைத்தார். அங்கிருந்து முஞ்ஞானோவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆகஸ்ட் 10 அன்று, பிலோமினாவின் பெட்டிக்குப் பக்கத்தில், எழுந்து நடந்தாள். 1837இல் அதே போப் பிலோமினாவின் திருநாளைக் கொண்டாட அனுமதி கொடுத்தார். ஆர்ஸ் ஊர்ப் பங்குச் சாமியார் ஜான் மரிய வியான்னி தன்னிடம் வந்து குணமானவர்களையெல்லாம் “பிலோமினாவுக்கு நன்றி சொல்லுங்கள்” என்று தள்ளிவிட்டார். பிரான்சு முழுக்க அவள் பெயர்தான்.

தேதிகளைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1773இல் கலைக்கப்பட்டு மறுபடி உயிர்பெற்ற இயேசு சபை, மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தது 1830களின் கடைசியில். வந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். புதுச்சேரி, கோயம்புத்தூர், மைசூர் எல்லாம் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையின் பொறுப்பு, அவர்களும் பிரெஞ்சுக்காரர்கள். கப்பலேறும்போது அவர்கள் ஊரில் அதிகம் பேசப்பட்ட புனிதை யார்? அவர்கள் கைச்செலவுக்குச் சல்லிக்காசு சேர்த்தவள் யாரால் பிழைத்தாள்? லியோன் பட்டறைக்காரிகளின் காசும் பிலோமினாவின் படமும் ஒரே மூட்டையில் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். பவுலினுக்கு 2022 மே 22 அன்று லியோனில் முக்திப்பேறு பட்டம் கொடுத்தார்கள். செய்தியைப் பார்த்த அன்று வீட்டில் பாயசம் வைத்தேன். ஏன் என்று மகன் கேட்டான். சொந்தக்காரி என்றேன்.

பிலோமினாவின் மைசூர்க் கோவிலைப் பார்க்காதவர்கள் குறைவு. 1926இல் மைசூர் மகாராஜாவின் செயலாளர் தம்புச் செட்டி, போப்பின் பிரதிநிதியாக இருந்த பிசானியிடமிருந்து பிலோமினாவின் திருப்பண்டம் ஒன்றை வாங்கி வந்தார். 1933இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டினார். ஜெர்மனியின் கொலோன் பேராலயச் சாயலில் 175 அடி உயரத்துக்கு இரட்டைக் கோபுரம். அதன் முழுப் பெயரில் சூசையப்பரும் சேர்ந்திருக்கிறார், ஆனால் ஆட்டோக்காரரிடம் ‘பிலோமினா சர்ச்’ என்றால்தான் வண்டி நகரும். 1961 ஆணைக்குப் பிறகும் நிலவறையில் அவள் படுத்த கோலத்தில் இருக்கிறாள். நாட்காட்டியிலிருந்து எடுப்பது சுலபம், அந்தக் கோபுரத்தை எங்கே எடுப்பது?

இந்த இடத்தில் ஒரு தமிழாசிரியையாக எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எங்கள் முன்னோர் புனிதர்களின் பெயரைத் தமிழிலேயே ஆக்கி வைத்தவர்கள். பவுல் என்ற லத்தீன் பெயருக்குச் ‘சிறியவர்’ என்று பொருள், ஆகவே சின்னப்பர். யோவான் என்பதில் அருள் இருக்கிறது, அருளப்பர். ஸ்தெஃபானோஸ் என்றால் கிரேக்கத்தில் முடி, அதாவது மகுடம். ஆகவே ஸ்தேவான் முடியப்பர் ஆனார். கிரேக்கம் தெரியாத எத்தனை முடியப்பன்கள் ஒரு கிரேக்கப் பெயரைச் சுமந்துகொண்டு திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் நடமாடுகிறார்கள்! நம் சென்னையின் மேற்குப் பக்கத்தையே எடுங்கள். திருமுல்லைவாயில் சிவன் பெயர் மாசிலாமணி. என் பதிவேட்டில் அதே பெயர் கோவில் தெரு வீட்டிலிருந்தும் வந்தது, கிறிஸ்தவ வீட்டிலிருந்தும் வந்தது. தகப்பன் பெயர் எழுதும் பத்தியில் பார்த்தால் எந்த வீட்டு மாசிலாமணி என்றே தெரியாது. பிலோமினாவுக்கு மட்டும் அந்தப் பாக்கியம் இல்லை. மொழிபெயர்க்கிற காலம் முடிந்த பிறகு வந்தவள். அப்படியே இறங்கினாள், அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

எங்கள் ஆசிரியர் அறையில் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த கணக்கு டீச்சர் ஒருவர் இருந்தார். இந்தக் குறையை அவரிடம் சொன்னபோது பையிலிருந்த வேதாகமத்தை எடுத்து நீட்டினார். அவர்கள் பக்கம் வேறு மாதிரி நடந்திருக்கிறது. பெயரை மொழிபெயர்க்காமல், தமிழ் வாலை ஒட்டியிருக்கிறார்கள். யூனிஸ், ஐனிக்கேயாள். ஃபீபி, பெபேயாள். குளோயி, குலோவேயாள். டோர்கஸ், தொற்காள். எல்லாம் ‘ஆள்’ விகுதி. ஆனால் ஒரு பெயரில் மட்டும் எனக்குக் கண் நின்றுவிட்டது. பேதுரு சிறையிலிருந்து வந்து கதவைத் தட்டும்போது யாரென்று கேட்க வரும் வேலைக்காரப் பெண் ரோடா. தமிழில் அவள் ரோதை! கோதை மாதிரி ரோதை. கிரேக்கத்தில் ரோதோன் என்றால் ரோஜா. எந்தப் புலவன் காதில் அது கோதையோடு சேர்ந்து ஒலித்ததோ, அவனுக்கு ஒரு கும்பிடு. இந்த மொழிபெயர்ப்பின் மூதாதைகளில் ஒன்று, பூந்தமல்லி நெடுஞ்சாலை கிழக்கே போய் முடிகிற பக்கத்தில், வேப்பேரியில், ஃபப்ரிசியுஸ் செய்து 1772இல் அச்சேறிய புதிய ஏற்பாடு. சாலையின் இந்த முனை பூவிருந்தவல்லி, பெயரிலேயே பூவும் வல்லியும் உள்ள ஊர். அந்த முனையில் ரோதை. இரண்டு முனைக்கும் நடுவில் இடுகுறியாகப் பேருந்தில் போய்வந்துகொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.

அதன்பிறகுதான் பெயரைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ‘ஒளியின் மகள்’ என்று ஒரு விளக்கம் பக்திப் புத்தகங்களில் உண்டு. ஃபிலியா என்றால் லத்தீனில் மகள், லூமென் என்றால் ஒளி. 1833 காட்சியில் வந்த விளக்கம் இது. கேட்க நன்றாக இருக்கிறது, இலக்கணத்துக்கு ஒத்துவரவில்லை. இது லத்தீன் சொல்லே அல்ல. ‘ஃபிலோமேலா’ என்று வேறொரு கிரேக்கப் பெயர் இருக்கிறது. அவள் ஏதென்ஸ் ராஜகுமாரி. அக்காள் புருஷன் அவளைக் கெடுத்து, வெளியே சொல்லாமலிருக்க நாக்கையும் அறுத்தான். அவள் நடந்ததைத் தறியில் துணியாக நெய்து அக்காளுக்கு அனுப்பினாள். கடைசியில் பறவையானாள். இடைக்கால ஐரோப்பாவில் பலர் அவளையும் ஃபிலோமேனா என்றே எழுதிக் குழப்பிவிட்டார்கள். கதை பெரிய கதைதான், ஆனால் என் பெயர் அதுவல்ல.

என் பெயர் ‘ஃபிலூமெனே’. ‘ஃபிலெயோ’ என்றால் நேசிக்கிறேன். ஃபிலூமெனே என்றால் நேசிக்கப்படுபவள். செயப்பாட்டு வினையாலணையும் பெயர்! இலக்கண நோட்டை மூடி வைத்துவிட்டுச் சிரித்தேன். பழைய கிரேக்க உலகில் சாதாரணமாகப் புழங்கிய பெயர் அது. இரண்டாம் நூற்றாண்டில் ஃபிலூமேனா என்று ஒருத்தி தெய்வ வாக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் அவளைக் கடுமையாகத் திட்டி எழுதியிருக்கிறார். ஆண்பாலில் ஃபிலூமெனோஸ் என்று ஒரு மருத்துவர், விஷ ஜந்துக்களைப் பற்றி நூல் எழுதியவர்.

நேசிக்கப்படுபவள். பிரியமானவள். தமிழில் நேர்ச் சொல் வேண்டுமானால்? எனக்கு முன்னால் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்களே. கிரேக்க ஃபிலோஸுக்கும் வடமொழி பிரியாவுக்கும் வேரில் உறவு கிடையாது, பொருள் மட்டும் ஒன்று. சாமியார்கள் மொழிபெயர்த்து வைத்திருந்தால் நான் நேசமணி ஆகியிருப்பேன். 2019 மே மாதம் நான் பணி முடித்துப் போன அதே வாரங்களில்தான் வடிவேலுவின் சினிமா பாத்திரமான நேசமணிக்காக இணையத்தில் உலகமே பிரார்த்தனை செய்துகொண்டிருந்தது. தப்பித்தேன்.

பாடி பிரியாவை ஒரு நாள் ஆவடி பேருந்து நிலையத்தில் பார்த்தேன். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒன்று. பதில் சொல்ல வேண்டிய பாக்கி இருந்ததால் நின்று சொன்னேன். கண்ணை விரித்து, “அப்போ நம்ம கிளாஸ்ல ஆறு பிரியாவா மிஸ்?” என்றாள்.

பெயர் எப்போது அரிதானது என்று கேட்டால், 1961இல் அல்ல என்பேன். ரோமின் ஆணை எங்கள் ஊர் உபதேசியார் காதுக்கு வரவே பல வருஷம் ஆகியிருக்கும். என்னைவிடப் பத்து வயது இளைய பிலோமினாக்கள் சொந்தத்தில் இருக்கிறார்கள். என் பதிவேடுகளில் பார்த்த வரையில், 1986இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஸ்டெல்லா, பிலோமினா, லூர்துமேரி எல்லாம் தாய்மார் கையெழுத்தில் வந்தார்கள், பிள்ளைகள் ஜெனிஃபர், ஷெர்லி. அடுத்த தலைமுறையில் அதுவும் போய் எந்த மதத்துக்கும் பொதுவான இரண்டெழுத்துப் பெயர்கள். நாட்காட்டியைப் பார்த்துப் பெயர் வைக்கிற வழக்கமே நின்றுவிட்டது, பிலோமினா அதோடு போனாள். போப் அவளை எடுக்கவில்லை என்றாலும் போயிருப்பாள். பிரியாவும் இப்போது அப்படித்தான், என் கடைசி வகுப்பில் ஒருத்திகூட இல்லை.

முழுதாகப் போய்விட்டாள் என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் பிலோமினாவை ஆணுக்கும் வைப்பார்கள்: பிலோமின்தாஸ், பிலோமின்ராஜ். ‘கைதி’, ‘மாஸ்டர்’, ‘விக்ரம்’, ‘லியோ’ படங்களின் எழுத்தோட்டத்தில் படத்தொகுப்பு என்ற இடத்தில் பாருங்கள், பிலோமின் ராஜ். திரையரங்கில் அந்தப் பெயர் வரும்போது விசில் அடிக்காத குறையாக உட்கார்ந்திருப்பேன். மலையாளத்தில் பிலோமினா என்றே ஒரு நடிகை இருந்தார். ‘காட்ஃபாதர்’ படத்தின் ஆனப்பாற அச்சம்மாவை மறக்க முடியுமா? 2013இல் அயர்லாந்துக்காரி ஒருத்தியின் கதை ‘ஃபிலோமினா’ என்ற தலைப்பிலேயே ஜூடி டென்ச் நடித்து வந்தது.

ஓய்வூதியக் கோப்பு தயாரானபோது என் பெயர் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. மாற்றுச் சான்றிதழில் பிலோமினா. பணிப்பதிவேட்டில் பிளோமினா. ஆதாரில் பிலோமீனா. வாக்காளர் அட்டையில் ஃபிலோமினா. ஆங்கிலத்தில் ‘எஃப்’ போட்டு ஒன்று, ‘பி எச்’ போட்டு இரண்டு. எல்லாம் ஒரே நபர்தான் என்று நோட்டரி முன்னால் சத்தியம் செய்யச் சொன்னார்கள். மூலச் சான்று இருந்தால் நல்லது என்றதால் லால்குடிப் பக்கம் பிறந்த ஊருக்கே போனேன்.

பங்குச் சாமியார் இளைஞர், அலமாரியைத் திறந்து விட்டுவிட்டார். ஞானஸ்நானப் பதிவேடு, நீலம் மங்கிய மை, எல்லாம் லத்தீனில். 1960 ஆகஸ்ட். ‘ஃபிலுமேனா’ என்று எழுதியிருந்தது, ஓட்டில் இருந்த மாதிரியே ‘லு’ போட்டு. முன்னால் போய் ஒவ்வொரு ஆகஸ்டாகப் புரட்டினேன். 1959, 58, 57. ஏறக்குறைய ஒவ்வொரு வருஷமும் ஒருத்தி. பாதிப் பக்கங்களில் ஓரம் செல்லரித்து, பெயரின் முதல் எழுத்துகள் போய், ‘லுமேனா’ மட்டும் மிஞ்சியிருந்தது.

உங்கள் ஊர்க் கோவிலிலும், சபையிலும், பழைய பள்ளிக்கூடத்திலும் இப்படிப் பதிவேடுகள் இருக்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அனுமதி கேட்டு, செல்போனிலாவது பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள். மழைக்காலத்துக்கு முன்னால் செய்தால் நல்லது.